ஊரினது அணி எந்தக் கிழமை?

ஆறாம் வேற்றுமைக்குப் பொருள் கிழமை. கிழமை என்றால் உரிமை. ஞாயிறு, திங்கள் என்னும் கிழமையை நான் இங்கே சொல்லவில்லை. இந்தக் கிழமை இருவகைப்படும். ஒன்று தற்கிழமை, மற்றது பிறிதின்கிழமை.

கந்தனது கை என்பது தற்கிழமை. கை கந்தனோடு ஒன்றியது. அதைப் பிரித்தெடுத்து வேறொருவனுக்குக் கொடுத்தல் இயலாது. கந்தனது வண்டில் என்பது பிறிதின்கிழமை. வண்டில் வேறு, கந்தன் வேறு. இன்றைக்குக் கந்தனது வண்டில். விலை பொருந்தினால் நாளைக்கு வேலனது வண்டில். இரண்டிடத்தும் உருபு ஒன்றே. உருபைப் பார்த்து உரிமையின் வகையை அறிதல் முடியாது. பொருளைப் பார்த்தே அறிதல் வேண்டும்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பாடத்தைப் படிப்பித்து வருகின்றேன். ஐயம் கேட்பவர் அரியர். சென்ற தவணையிலே பாலபண்டித வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து நின்றான்.

"ஐயா, சியாற்றிலினது அணி என்றால், அஃது எந்தக் கிழமை?"

எனக்குத் தெரிந்த அணிகள் உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம் முதலியன. "சியாற்றில் என்றோர் அணியைத் தண்டியாசிரியர் சொல்லவில்லையே!" என்றேன். வகுப்புச் சிரித்தது. கேட்டவன் சிரிக்கவில்லை.

"அது கூடைப்பந்தாட்ட அணி, ஐயா. அமெரிக்காவிலே. நாற்பத்தொரு ஆண்டு ஓரூரில் இருந்த அணியை வாங்கினவர்கள் வேறோர் ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஊர்ச் சனங்கள் அழுதார்களாம். விற்கத்தக்க பொருள் என்றால் ஏன் அழவேண்டும்? விற்கத்தகாத பொருள் என்றால் எப்படி விற்றார்கள்?"

கேள்வி நல்ல கேள்வி. விடைதான் வாய்க்கு வரவில்லை. "தம்பி, வாற கிழமை சொல்லுகிறேன்" என்று தப்பிக்கொண்டேன். அன்று தொடக்கம் அந்த அணியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, அவன் கேட்டது ஒரு விளையாட்டைப் பற்றிய கேள்வி மாத்திரம் அன்று என்பது விளங்கியது.

சியாற்றில், ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள துறைமுக நகரம். போயிங் விமானத் தொழிலினாற் பெயர் பெற்றது. 1966 ஆம் ஆண்டின் கடைசி நாளிலே, ஒலியினும் விரைந்து செல்லும் பயணிகள் விமானத்தை அமைக்கும் பணிக்குப் போயிங் நிறுவனத்தை அமெரிக்க அரசாங்கம் தெரிந்தெடுத்தது. அடுத்த ஆண்டு அந்நகரிலே கூடைப்பந்தாட்ட அணி ஒன்று தோன்றியது. அதற்குச் 'சுப்பர்சொனிக்ஸ்' என்று பெயரிட்டனர். ஒலியை விஞ்சியோர் என்பது பொருள். ஊரார் அதைச் சுருக்கிச் 'சொனிக்ஸ்' என்றனர்.

இலக்கணம் கற்றோர் இதனைக் காரணப்பெயர் என்பர். ஆனால், அந்தக் காரணம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1971 இல் அமெரிக்கக் காங்கிரசு அத்திட்டத்துக்குப் பணம் கொடுப்பதை நிறுத்தியது. அவ்விமானம் ஒருநாளும் பறக்கவில்லை. போயிங்கிலே பல்லாயிரவர் வேலை இழந்தனர். விமானம் போயிற்று, பெயர் நின்றது. தொழில் தளர்ந்த காலத்திலே ஊருக்கு மிஞ்சிய சில பெருமைகளுள் அந்த அணியும் ஒன்று. 1979 இல் லெனி வில்கின்ஸ் என்னும் பயிற்றுநரின் கீழ் அவ்வணி தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தின் பட்டத்தை வென்றது.

'சியாற்றில் வென்றது' என்றார்கள். ஓடியவரும் பாய்ந்தவரும் ஆட்டக்காரர் சிலர். வென்றது ஊர் என்பது வழக்கு. 'ஊர் சிரித்தது' என்பது போல இதுவும் இடவாகுபெயர். ஆகுபெயருக்கு ஒரு நியதி உண்டு. ஒன்றன் பெயர் இன்னொன்றுக்கு ஆகவேண்டுமானால் இரண்டுக்கும் இடையே தொடர்பு இருத்தல் வேண்டும். அணிக்கும் ஊருக்கும் இடையே அந்தத் தொடர்பு இருக்கிறதென்று எல்லாரும் நம்பினர். நம்பியபடியே பேசினர். சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்த்தவர் எவருமில்லை.

சட்டப் புத்தகத்தில் இருந்தது வேறு.

நம்மூர் விளையாட்டுக் கழகத்துக்குத் தலைவர் உண்டு, செயலாளர் உண்டு, தனாதிகாரி உண்டு. ஆண்டுப் பொதுக்கூட்டத்திலே கை உயர்த்தி அவர்களைத் தெரிவு செய்வோம். அமெரிக்கத் தொழின்முறை அணி அத்தகையதன்று. அது முதலாளிகளின் உடைமை. அவர்கள் விலைகொடுத்து வாங்குவது பந்தையும் கூடையையும் அன்று. சங்கத்திலே ஓர் இடத்தை. அந்த இடத்துக்குப் 'பிரான்சைஸ்' என்று பெயர். இன்று சங்கத்திலுள்ள இடங்கள் முப்பது. இன்னோர் இடத்தை உண்டாக்குவதா, ஓர் அணி ஊர் மாறுவதற்கு இசைவதா என்பனவற்றையெல்லாம் அந்த அணிகளின் உடைமையாளரே வாக்களித்து முடிவு செய்வர். அணிக்கு ஒரு வாக்கு. ஆட்டம் பார்ப்போருக்கு வாக்கில்லை, நகரசபைக்கும் வாக்கில்லை.

பிரான்சைஸ் என்னும் அந்த ஆங்கிலச் சொல்லை நாமும் அறிவோம். வாக்குரிமைக்கும் ஆங்கிலத்தில் அதுவே பெயர். 1931 இல் டொனமூர் அரசியற்றிட்டத்தினாலே இலங்கைக்குக் கிடைத்த சர்வசன வாக்குரிமையை அச்சொல்லாலேயே வழங்கினர். ஒரு சொல், இரண்டு பொருள். ஒன்று எல்லார்க்கும் உரிய உரிமை. மற்றது சிலர்க்கே உரிய உரிமை. சியாற்றிலிலே இந்த இரண்டு பிரான்சைசுகளும் ஒன்றோடொன்று மோதின. அதைப் பின்னே சொல்வேன்.

இடங்கள் முப்பது, அணி வேண்டி நிற்கும் நகரங்கள் அதனினும் பல. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுக்களிலே சங்கீதக் கதிரை ஓடுவதைப் பார்த்திருக்கிறோம். கதிரைகள் ஆட்களிலும் குறைவாயிருக்கும். பாட்டு நிற்கும்போது ஒருவர் இடமின்றி நிற்பார். அமெரிக்க நகரங்களின் ஓட்டமும் அதுவே. ஒரு வேறுபாடு: அங்கே கதிரைகளும் எழுந்து நடக்கும். 'புதிய மண்டபம் கட்டித் தாருங்கள். இல்லையேல் வேறு நகரம் போவேன்' என்று சொல்லும் வலிமை முதலாளிக்கு இதனால் உண்டாகின்றது. கதிரைகள் குறைவாயிருக்கும் வரைக்கும் அந்த வலிமையும் குறையாது.

சொனிக்ஸ் அணி கைமாறியது ஒருமுறை அன்று. 1983 இல் ஒருவர் வாங்கினார். 2001 இல் ஸ்ரார்பக்ஸ் கோப்பிக் கடைகளால் உலகெங்கும் அறியப்பட்ட ஹொவாட் ஷுல்ற்ஸ் தலைமையிலான குழுவினர் ஏறத்தாழ 200 மில்லியன் டொலருக்கு வாங்கினர். அப்போதெல்லாம் எவரும் அழவில்லை. அணி இருந்த இடத்திலே இருந்தது. ஷுல்ற்ஸ் ஊரறிந்த மனிதர். அவர் கையிலே அணி பத்திரமாக இருக்கும் என்று எண்ணினர்.

அணி ஆடிய மண்டபம் 1962 ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்டது. நகரம் அதைத் திருத்திப் புதுக்கி 1995 இல் மீண்டும் திறந்தது. பத்தாண்டு கழிந்ததும் அது போதாது என்றனர் உடைமையாளர். செல்வர் இருந்து பார்க்கும் தனியறைகளும் உணவுச்சாலைகளுமே வருவாய் தருவன; அவை அங்கே குறைவு என்றனர். பொதுப் பணத்திலிருந்து 200 மில்லியன் டொலருக்கு மேல் வேண்டினர். கிடைக்கவில்லை. 2006 யூலையிலே 350 மில்லியன் டொலருக்கு அணியை விற்றனர். வாங்கியவர்கள் கிளே பெனெற் தலைமையிலான ஒக்லஹோமா நகர வணிகர்கள். ஒக்லஹோமா நகரம் அங்கிருந்து ஏறத்தாழ 1500 மைல் தொலைவிலுள்ளது. புதிய மண்டபம் பெறுவதற்கு ஓராண்டு நல்லெண்ணத்தோடு முயலவேண்டும் என்பது விற்பனையிலே ஒரு நிபந்தனை.

சில மாதங்களிலே மக்கள் வாக்களிக்கும் நாள் வந்தது. விளையாட்டு அணிகளுக்கு நகரம் பணம் இடுவதானால், அரசாங்கக் கடன்முறியிற் கிடைக்கும் வருவாயினும் குறையாத வருவாய் நகரத்துக்குக் கிடைத்தல் வேண்டும் என்பது முன்வைக்கப்பட்ட விதி. 2006 நவெம்பரிலே வாக்களித்தோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் அதற்கு ஆம் என்றனர். பாடசாலைக்கும் வீதிக்கும் வேண்டிய பணத்தை முதலாளியின் மண்டபத்துக்குக் கொடுக்கமாட்டோம் என்பது அவர்களிற் பலருடைய எண்ணம். அந்த எண்ணத்தைப் பிழை என்று சொல்ல எனக்கு மனமில்லை. எல்லார்க்கும் உரிய பிரான்சைஸ் அன்று பேசியது. சிலர்க்கே உரிய பிரான்சைஸ் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

புதிய உடைமையாளர், அயலூராகிய றென்ரனிலே 500 மில்லியன் டொலர் மதிப்பில் ஒரு மண்டபம் அமைக்கவேண்டும் என்றனர். அதன் பெரும்பகுதி பொதுப் பணம். 2007 இல் மாநிலச் சட்டசபை இசையவில்லை. அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்திலே, உடைமையாளருள் ஒருவரான ஓப்ரி மக்கிளென்டன், அணியைச் சியாற்றிலிலே வைத்திருப்பதற்காகத் தாங்கள் வாங்கவில்லை என்று தம்முடைய ஊர்ப் பத்திரிகைக்கு மனந்திறந்து சொல்லிவிட்டார். சங்கம் அவருக்கு 250,000 டொலர் தண்டம் விதித்தது. ஓராண்டுத் தவணை முடிந்தவுடன், நவெம்பரிலே, அணியை ஒக்லஹோமா நகருக்குக் கொண்டுசெல்லும் எண்ணத்தைப் பெனெற் அறிவித்தார். 2008 ஏப்பிரிலிலே சங்கத்தின் உடைமையாளர் வாக்களித்தனர். ஆம் என்றோர் 28 பேர். இல்லை என்றோர் இருவர்.

வாக்கெடுப்புக்குச் சில நாள் முன்னர், ஏப்பிரில் 13 ஆம் நாள், சியாற்றிலிலே கடைசி ஆட்டம் நடந்தது. எதிரணி டலஸ். கெவின் டுரான்ற் என்னும் பத்தொன்பது வயது இளைஞர் முதலாண்டு ஆட்டக்காரராகச் சொனிக்ஸ் பக்கம் ஆடினார். அந்தப் பருவத்திலே தோல்வியையே கண்டிருந்த அணி, அன்று 99க்கு 95 என்று வென்றது. மண்டபம் நிறைந்த சனங்கள், எங்கள் சொனிக்ஸைக் காப்பாற்றுங்கள் என்று முழங்கினர்.

'எங்கள்' என்பதைக் கவனியுங்கள். அது ஆறாம் வேற்றுமை. எந்தக் கிழமை என்று அந்தச் சனங்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பர் என்பதில் ஐயமில்லை.

ஆனால், நீதிமன்றத்திலே அந்த விடை செல்லாது. இந்த இடத்திலேதான் இலக்கணம் எனக்குக் கைகொடுத்தது. பிறிதின்கிழமையைப் பொருள், இடம், காலம் என மூன்றாகப் பகுப்பர். நகரசபை வழக்குத் தொடுத்தது எதன்பேரில்? குத்தகை ஒப்பந்தத்தின்பேரில். 2010 வரைக்கும் அந்த மண்டபத்திலேயே ஆடவேண்டும் என்பது ஒப்பந்தம். மண்டபம் இடம், 2010 காலம். பொருளாகிய அணி முதலாளியுடையது என்பதை நகரமும் மறுக்கவில்லை. ஊரின் பக்கத்திலே வழக்குப் பேசியவர்களும் பிறிதின்கிழமைக்குள் நின்றே பேசவேண்டியதாயிற்று. தற்கிழமைக்கு அங்கே மன்று இல்லை.

2008 யூன் மாதத்திலே விசாரணை நடந்தது. ஷேர்மன் அலெக்ஸி என்னும் எழுத்தாளர், அணியின் ஆட்டங்களைப் பருவச்சீட்டு வாங்கிப் பார்த்து வந்தவர், நகரத்தின் சாட்சியாக வந்து அந்த அணி தமக்கு என்னவாக இருந்தது என்று சொன்னார். கணக்கர் வந்து கணக்குச் சொல்லும் மன்றிலே ஒரு கவிஞர் வந்து சாட்சி சொன்னார் என்று படித்தபோது, தற்கிழமைக்காக வழக்காட வேறு யார்தான் வரமுடியும் என்று எண்ணிக்கொண்டேன்.

முதலாளிகளின் பக்கத்து வாதமும் நினைவில் வைக்கத்தக்கது. அணி போவதால் நகரத்தின் பொருளாதாரத்துக்கு நட்டமில்லை. சனங்கள் ஆட்டத்துக்குச் செலவிடும் பணத்தை வேறு பொழுதுபோக்குக்குச் செலவிடுவர் என்றனர். மண்டபத்துக்குப் பொதுப் பணம் கேட்கும்போது, அணி இருந்தால் நகரம் செழிக்கும் என்பது வழக்கம். போகும்போது, போனாலும் நகரத்துக்குக் குறைவில்லை என்பது வாதம். இரண்டும் ஒருங்கே மெய்யாதல் எங்ஙனம்? தருக்கம் படிக்கும் மாணவர்களுக்கு இதனைப் பயிற்சியாகக் கொடுக்கலாம்.

தீர்ப்பு வெளியாக இருந்த நாள் யூலை 2. தீர்ப்புக்குச் சில மணி நேரம் முன்னர் இருபக்கத்தாரும் இணங்கினர். அணி உடனே போகலாம். நகரத்துக்கு 45 மில்லியன் டொலர். சில நிபந்தனைகள் கூடினால் பின்னர் இன்னும் 30 மில்லியன். நீதிபதியின் தீர்ப்பை ஊரார் அறியவேயில்லை.

இணக்கத்திலே இன்னொரு பகுதி உண்டு. அதை வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் இருந்தேன். சொனிக்ஸ் என்னும் பெயரை ஒக்லஹோமா நகரம் கொள்ளாது. பச்சையும் பொன்னுமாகிய நிறங்களையும் கொள்ளாது. எதிர்காலத்திலே சியாற்றிலில் ஓர் அணி அமையுமாயின் அவை அதற்கு உரியன. அணியின் வரலாறு இரண்டு ஊர்க்கும் பொது.

ஆட்டக்காரர் போயினர், ஒப்பந்தங்கள் போயின, சங்கத்தில் இருந்த இடம் போயிற்று. பெயரும் நிறமும் போகவில்லை. பெயரும் நிறமும் எந்தக் கிழமை? நிறம் பண்பு. பண்பு தற்கிழமையுள் அடங்கும். சட்டம் அறியாத ஒன்றை, வழக்கை முடிக்க இருந்த சட்டத்தரணிகள் அறிந்திருந்தனர். கையெழுத்திடும்போது தற்கிழமையை ஒருபக்கம் பிறிதின்கிழமையை மறுபக்கம் எனப் பிரித்தே எழுதினர்.

பெயர் சிறு பொருள் அன்று. பெயரையும் கூடவே கொண்டுபோன அணிகள் பட்டபாட்டைப் பார்த்தால் இது விளங்கும். மினியாப்பொலிஸ் நகரிலே 'லேக்கர்ஸ்' என்றோர் அணி இருந்தது. ஏரிகள் மலிந்த நாட்டவர் என்பது கருத்து. மினசோற்றா மாநிலம் பதினாயிரம் ஏரிகளின் நாடு எனப்படும். 1960 இல் அவ்வணி லொஸ் ஏஞ்சலிஸ் சென்றது. பெயர் மாறவில்லை. நியூ ஓர்லியன்ஸ் நகரம் ஜாஸ் இசையின் பிறப்பிடம். அங்கிருந்த 'ஜாஸ்' அணி 1979 இல் யூற்றா சென்றது. அதன் பெயரும் மாறவில்லை. காரணப்பெயர்கள் ஊர் மாறியதும் இடுகுறிப்பெயர்கள் ஆகிவிட்டன. இன்றைய பிள்ளைகள் அப்பெயர்களைச் சொல்லும்போது ஏரியும் தெரியாது, இசையும் கேளாது.

இவ்வளவும் படித்தபின், சியாற்றில் நகருக்காக ஒரு கண்ணீர்க் கட்டுரை எழுதிவிடலாம் என்று எண்ணினேன். அடுத்து வந்த செய்தி என்னைத் தடுத்தது.

2013 இல் சியாற்றிலுக்கு அணி கொண்டுவர ஒரு செல்வர் குழு முயன்றது. எங்கிருந்து? சக்கிரமென்ரோ நகரிலிருந்து. அங்குள்ள 'கிங்ஸ்' அணியின் உடைமையாளர் 65 சதவீதப் பங்கை விற்க இசைந்துவிட்டனர். விலை பேசியாயிற்று. ஐந்து ஆண்டுக்கு முன் சியாற்றில் சனங்கள் முழங்கியதை இப்போது சக்கிரமென்ரோச் சனங்கள் முழங்கினர். அணியை இழந்து அழுத ஊர், இன்னோர் ஊரை அழச் செய்யும் இடத்திலே வந்து நின்றது. கதிரைகள் குறைந்த விளையாட்டிலே நல்லவர்க்கும் வேறு வழியில்லாமற் போகின்றது. அந்தக் கிங்ஸ் அணியும் சக்கிரமென்ரோவிலே பிறந்ததன்று. றொச்செஸ்ரர், சின்சினாற்றி, கன்சாஸ் நகரம் என்று ஊர் ஊராய்ச் சென்று 1985 இல் அங்கே வந்தது. ஒவ்வோர் ஊரிலும் சிலர் 'எங்கள்' என்று சொல்லியிருப்பர்.

சக்கிரமென்ரோ வேறு வழி தேடியது. நகர முதல்வராயிருந்த கெவின் ஜோன்சன் முன்னாட் கூடைப்பந்தாட்ட வீரர். அவர் உள்ளூரிலும் வெளியிலும் வேறு வாங்குவோரைத் தேடினார். 250 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட பொதுப் பணத்தைப் புதிய மண்டபத்துக்கு நகரசபை ஒதுக்கியது. மும்பாயிலே பிறந்த விவேக் ரணதிவே தலைமையில் ஒரு குழு வாங்க முன்வந்தது. 2013 மே 15 ஆம் நாள் சங்கத்தின் உடைமையாளர் வாக்களித்தனர். ஊர் மாறக்கூடாது என்றோர் 22 பேர். மாறலாம் என்றோர் எண்மர். அணி நின்றது. ஊரின் அன்பு வென்றது என்று பத்திரிகைகள் எழுதின. அன்போடு 250 மில்லியன் டொலரும் சேர்ந்தே வென்றது என்பதையும் நாம் மறத்தலாகாது.

ஒக்லஹோமா நகரின் பக்கத்தையும் சொல்லாமல் விடுதல் நீதியன்று. 2005 இல் கத்ரீனாப் புயல் நியூ ஓர்லியன்ஸ் நகரை அழித்தபோது, அந்நகர அணிக்கு இரண்டு பருவம் இடம் கொடுத்தது ஒக்லஹோமா நகரம். 2008 மார்ச்சிலே தங்கள் விற்பனை வரியினால் மண்டபத்தைத் திருத்துவதற்கு அவ்வூர் மக்கள் வாக்களித்தனர். அணி அங்கே 'தண்டர்' என்னும் புதுப்பெயர் பெற்றது; இடிமுழக்கம் என்பது பொருள். 1995 ஆம் ஆண்டுக் குண்டுவெடிப்பிலே 168 உயிர்களை இழந்த நகரம் அது. அணியிலே புதிதாகச் சேர்பவரை அந்த நினைவிடத்துக்கு அழைத்துச் செல்வது வழக்கமாயிற்று. 2023 டிசெம்பரிலே, குறைந்தது 900 மில்லியன் டொலர் மதிப்பில் புதிய மண்டபம் கட்டுவதற்கும் மக்கள் வாக்களித்து இசைந்தனர். அதிலே உடைமையாளர் இடும் பங்கு 50 மில்லியன். 2025 யூன் மாதத்தில் அவ்வணி பட்டம் வென்றது. சொனிக்ஸ் ஆட்டத்தைக் காணாத ஒரு தலைமுறை ஒக்லஹோமாவிலே வளர்ந்துவிட்டது. அவர்களும் 'எங்கள்' என்றே சொல்கின்றனர். அதைப் பொய் என்று யார் சொல்வர்?

அப்படியானால் மாணவனின் கேள்விக்கு விடை என்ன? சட்டத்தாலே பிறிதின்கிழமை, சனங்களின் நெஞ்சிலே தற்கிழமை என்று பகுத்துச் சொல்லி விட்டுவிடலாம். அது விடை போலத் தோன்றும், விடை அன்று. கையைப் போல அணி ஊரோடு பிறந்ததன்று. வண்டிலைப் போல வெறும் பொருளுமன்று.

இலக்கண நூலை மூடிவிட்டுத் திருக்குறளை எடுத்தேன். வள்ளுவர் 'பழைமை' என்றோர் அதிகாரம் வகுத்திருக்கிறார். நட்பாராய்தலை அடுத்து வருவது. கிழமை என்னும் சொல் அங்கேயும் வருகின்றது. அங்கே அது விலைகொடுத்துப் பெற்ற உரிமையன்று. உடன் பிறந்த உரிமையுமன்று. நெடுங்காலம் பழகியதனால் உண்டாகிய உரிமை. பழகியவர் கேளாமலே கொள்ளும் உரிமை. அணியிடத்து ஊருக்கு இருப்பது இந்தக் கிழமையே. மழையிலே நனைந்து வந்து, தோற்கும் அணிக்கும் கைதட்டி, தந்தை பார்த்த ஆட்டத்தை மகனும் பார்த்து, நாற்பத்தொரு ஆண்டு பழகியதனால் வந்த கிழமை. அதை முதலாளி விற்கவுமில்லை, வாங்கியவர் பெறவுமில்லை. ஆகையினாலே அது சியாற்றிலில் நின்றுவிட்டது. ஒக்லஹோமா நகரத்தார் தமக்கு வேண்டிய கிழமையைத் தாமே பழகிப் பழகி உண்டாக்கவேண்டியிருந்தது. உண்டாக்கினர்.

பழைமையினால் வந்த உரிமையும் சட்டத்தால் வந்த உரிமையும் ஒரே கையில் இருந்தால் பிரிவுத் துன்பம் இல்லை. அதற்குச் சான்று சியாற்றிலிலேயே உண்டு. 2006 விற்பனையில் 'ஸ்ரோம்' என்னும் பெண்கள் அணியும் சேர்ந்து விலைப்பட்டது. 2008 இல், சொனிக்ஸ் போக இருந்த அதே ஆண்டில், அந்நகரப் பெண்கள் சிலர் கூடி அந்த அணியை வாங்கிக்கொண்டனர். அது போகவில்லை. அங்கேயே நின்று 2010, 2018, 2020 ஆகிய ஆண்டுகளிலே பட்டம் வென்றது. ஆண்கள் அணிக்கு அழுத ஊரிலே பெண்கள் அணியைப் பெண்கள் காத்தனர்.

ஹொவாட் ஷுல்ற்ஸ் 2019 இல் வெளியிட்ட தம் நூலிலே, அணியை விற்றது குறித்து வருந்தி எழுதினார். பழைய மண்டபம், கூரையை அப்படியே நிறுத்திக் கீழெல்லாம் புதிதாகக் கட்டப்பட்டு, 2021 இல் திறக்கப்பட்டது. அப்போது அங்கே ஆடவந்தது பனிக்கட்டி ஹொக்கி அணி.

வாக்களித்த கிழமை வந்தது. வகுப்பிலே இவ்வளவையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த மாணவன் மறுபடியும் எழுந்தான்.

"அப்படியென்றால் ஐயா, அணியை வாங்குகிறவன் எதை வாங்குகிறான்?"

"ஆறாம் வேற்றுமை உருபை வாங்குகிறான், தம்பி. பொருள் மற்றவர்களிடத்தில் இருக்கிறது" என்றேன்.

அவன் சிறிது யோசித்தான். "உருபு இல்லாமலும் வேற்றுமைப் பொருள் நிற்குமே, ஐயா, வேற்றுமைத்தொகையிலே" என்றான்.

நிற்கும். 'சியாற்றில் அணி' என்று உருபு மறைந்து நிற்கும். 2008 தொடக்கம் நின்ற விதம் அதுதான். இந்த உதாரணத்தை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவனே கண்டுகொண்டான். அன்றைக்கு அந்தப் பாடம் முடிந்தது.